நீந்தும் எலியா, சக்கரம் சுற்றும் எலியா: போதை நிறுத்திய நாட்களை எதைக் கொண்டு அளப்பது?

முதலில் ஒரு கணக்கு. எலியைத் தண்ணீரில் நீந்தவிடும் சோதனைக்கு உயரமான ஒரு கண்ணாடி உருளை, 25 டிகிரி அளவில் தண்ணீர், ஒரு ஸ்டாப்வாட்ச் இருந்தால் போதும். முதல் நாள் 15 நிமிடம், மறுநாள் 5 நிமிடம். இரண்டாம் நாள் மாலையே எண்கள் கையில் வந்துவிடும். மூளைக்குள் மின்முனை வைத்து அளக்கும் சோதனை என்றால் ஸ்டீரியோடாக்ஸிக் கருவி (தலையை அசையாமல் பிடித்து, மூளையில் குறித்த இடத்தில் மின்முனையை இறக்க உதவுவது) வேண்டும், மண்டையோட்டில் திருகுகள், டென்டல் சிமென்ட், அறுவைக்குப் பின் ஒரு வாரம் ஓய்வு, பிறகு வாரக்கணக்கில் பயிற்சி. மருந்து ஒரு துளி உள்ளே போவதற்குள் இரண்டு மாதம் ஓடிவிடும். போதையை நிறுத்திய எலியின் மனநிலையை அளந்து அதற்கு மருந்து தேட, இரண்டில் எதை எடுப்பது என்று மருந்தியல் மாணவர்கள் கேட்கும்போது அவர்கள் மனம் ஏற்கெனவே தண்ணீர்ப் பக்கம் சாய்ந்திருப்பது முகத்திலேயே தெரியும். நான் மின்முனையைத்தான் சொல்வேன். அதற்கான காரணங்களும், எப்போது அதை விட்டுக்கொடுக்கலாம் என்பதும் கீழே.

பேசப்போவது ஊக்கிப் போதைகளைப் பற்றி. ஆம்ஃபெட்டமைன், கொக்கெய்ன், அப்புறம் பெட்டிக்கடையில் கிடைக்கும் நிக்கோடின். மதுவோ அபின் வகை ஓபியாய்டோ பழகியவர் திடீரென நிறுத்தினால் உடம்பே காட்டிக்கொடுக்கும். நடுக்கம், வியர்வை, வாந்தி என்று வெளியே தெரியும். ஊக்கிகளில் அந்த அளவுக்கு எதுவும் தெரியாது. கொக்கெய்ன் பழகியவர்களைக் கவனித்த கவின், கிளெபர் என்ற இரு மனநல மருத்துவர்கள் 1986இல் அதைக் கட்டங்களாகப் பிரித்து எழுதினார்கள். முதலில் சரிந்து விழுவது போன்ற சில நாட்கள். சோர்வு, தூக்கம், பசி. அதற்குப் பின் வாரக்கணக்கில் நீளும் ஒரு வறட்சி. பேச்சு பிடிக்காது, வேலை ஓடாது, எதிலும் மனம் ஒட்டாது. பலரைத் திரும்பவும் போதைக்குத் தள்ளுவது இந்த வறட்சிதான் என்பது இந்தத் துறையின் நீண்டகாலக் கருத்து. அப்படியென்றால் மருந்து தேடுகிறவர் அளக்க வேண்டியது அந்த ஒட்டாமையை. எலி வாய் திறந்து சொல்லாது என்பதால்தான் இத்தனை சோதனைகள்.

மின்முனையின் கதை 1954இல் மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. மூளையின் சில இடங்களில் மெல்லிய மின்தூண்டல் கிடைக்க வேண்டும் என்பதற்காகவே எலி திரும்பத் திரும்ப நெம்புகோலை அழுத்துவதை ஜேம்ஸ் ஓல்ட்ஸ், பீட்டர் மில்னர் இருவரும் காட்டினார்கள். சரி, நெம்புகோலை எத்தனை முறை அழுத்துகிறது என்று எண்ணிவிட்டால் இன்பத்தை அளந்ததாக ஆகிவிடுமா? ஆகாது. ஆம்ஃபெட்டமைன் ஏறிய எலி எதையும் வேகமாகச் செய்யும். போதை நிறுத்தப்பட்ட எலி எதையும் மந்தமாகச் செய்யும். கால் ஓடவில்லையா, மனம் ஓடவில்லையா என்று அந்த எண்ணிக்கை சொல்லாது.

இந்த முடிச்சை 1970களின் கடைசியில் கொர்னெட்ஸ்கியும் எஸ்போசிட்டோவும் அவிழ்த்த விதம் எனக்கு இன்றும் பிடிக்கும். வேகத்தை விட்டுவிட்டு மின்னோட்டத்தின் அளவைப் பிடித்தார்கள். எலியின் முன்னால் ஒரு சிறு சக்கரம். முதலில் ஒரு தூண்டலை நாமே இலவசமாகத் தருகிறோம், சுமார் அரை நொடி. அது எலிக்குப் பிடித்திருந்தால் அடுத்த ஏழரை நொடிக்குள் சக்கரத்தைக் கால்வட்டம் சுற்றும், அதே தூண்டல் இன்னொரு முறை கிடைக்கும். பிடிக்கவில்லையென்றால் சும்மா இருக்கும். மின்னோட்டத்தை 5 மைக்ரோஆம்பியர் அளவில் படிப்படியாகக் குறைத்து, பிறகு கூட்டி, மறுபடி குறைத்துப் பார்த்தால் எந்த இடத்தில் எலிக்கு அது 'வேண்டாம்' ஆகிறது என்று தெரிந்துவிடும். அந்த இடம்தான் த்ரெஷோல்ட். ஒரு சுற்றுக்குத் தேவை ஒரே ஒரு கால்வட்டம் என்பதால் மந்தமான எலியும் அதைச் செய்துவிடும். சக்கரத்தைச் சுற்ற எடுத்துக்கொள்ளும் நேரத்தைத் தனியாகக் குறித்துவைக்கலாம். மருந்து உடம்பை மந்தமாக்கியிருந்தால் அங்கே தெரியும். மனம் ஒரு பத்தியில், கை இன்னொரு பத்தியில். இவ்வளவு சுத்தமாகப் பிரித்துக் கொடுக்கும் சோதனை விலங்கு நடத்தை ஆய்வில் வேறு அதிகம் இல்லை.

த்ரெஷோல்ட் ஏறினால் இன்பம் இறங்கியிருக்கிறது என்று பொருள். முன்பு போதுமாக இருந்த தூண்டல் இப்போது போதவில்லை. புதிதாக வருபவர்கள் இந்தத் தலைகீழில் ஒருமுறையாவது தடுமாறுவார்கள். (வரைபடத்தில் கோடு மேலே போனதும் மகிழ்ந்துவிடாதீர்கள்.)

இந்த அளவுகோலால் கிடைத்தவை கொஞ்சநஞ்சமல்ல. ஆம்ஃபெட்டமைனை நிறுத்திய எலிகளில் இன்பத்துக்கான வேட்கை இறங்குவதை லீத், பாரெட் இருவரும் 1976லேயே காட்டினார்கள். அத்தீனா மார்க்கூவும் ஜார்ஜ் கூப்பும் 1991இல் எலிகளைத் தாமாகவே கொக்கெய்ன் ஏற்றிக்கொள்ளவிட்டு, பிறகு நிறுத்தி அளந்தார்கள். எவ்வளவு நேரம் ஏற்றிக்கொண்டதோ அதற்கேற்ப த்ரெஷோல்டின் ஏற்றமும் அது நீடித்த நேரமும் கூடின. 1998இல் மார்க்கூவின் குழு 'நேச்சர்' இதழில் நிக்கோடினுக்கும் இதையே காட்டியது. தோலுக்கடியில் வைத்த நிக்கோடின் பம்ப்பை எடுத்ததும் ஏற்றம் தொடங்கி நான்கு நாள் வரை நீடித்தது. சிகரெட்டை விட்டவரின் சிடுசிடுப்பை 'வெறும் பழக்கம்' என்று தள்ளிவிட்டவர்களுக்கு அது நல்ல பதில்.

குறைகளும் இருக்கின்றன. மூளையில் நாம் குறிவைக்கும் பக்க ஹைப்போதலாமஸ் என்ற இடத்திலிருந்து மின்முனை இம்மி தவறினால் எலி சக்கரத்தைச் சீண்டவே சீண்டாது. இறுதியில் மூளையை வெட்டிப் பார்த்து, இடம் தவறியதைக் கணக்கிலிருந்து நீக்க வேண்டும். தூண்டல் நாக்கையும் மூக்கையும் தாண்டி நேரே நரம்புக்குப் போவதால் 'இது இயற்கையான இன்பமா' என்று தேர்வாளர் கேட்பார். கேட்கட்டும். அதே காரணத்தால்தான் எலிக்குத் திகட்டுவதில்லை, வயிறு நிறைவதில்லை. ஒரே எலியை நாள்தோறும் அளக்கலாம். விலகல் நாட்களில், அதாவது போதையை நிறுத்திய நாட்களில், பசியே தாறுமாறாகப் போகும் ஒரு விலங்கை அளக்கும்போது வயிற்றைச் சாராத அளவுகோல் ஒரு வரம்.

அறுவைக்கு வசதி இல்லாத ஆய்வகம் என்ன செய்யலாம்? சர்க்கரைத் தண்ணீர். இதிலும் இரண்டு வகை. கூண்டில் இரண்டு பாட்டில், ஒன்றில் வெறும் தண்ணீர், மற்றதில் ஒன்றிரண்டு சதவீதச் சர்க்கரை. எதை அதிகம் குடிக்கிறது என்று பார்ப்பது எளிய வகை. எளிமையே அதன் தொல்லை. பாட்டில் ஒழுகும், சில எலிகள் இடப்பக்கமே குடிக்கும். ஆம்ஃபெட்டமைன் இருக்கும்வரை பசியை அடக்கி, நிறுத்தியதும் பசியைக் கிளப்பிவிடும். குடித்தது இன்பத்துக்காகவா, பசிக்காகவா? இரண்டாவது வகை எவ்வளவோ மேல். ஒவ்வொரு சொட்டுக்கும் எலி அழுத்த வேண்டிய எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போவது. ஹோடோஸ் 1961இல் கொண்டுவந்த முறை. ஓர் இடத்தில் எலி 'போதுமப்பா' என்று விட்டுவிடும். அந்த எண்ணிக்கைதான் விடை. பார், பிலிப்ஸ் இருவரும் 1999இல் ஆம்ஃபெட்டமைன் நிறுத்திய எலிகள் சர்க்கரைக்காக முன்புபோல உழைப்பதில்லை என்று இதே முறையில் காட்டினார்கள். மனிதரிடம் பார்க்கும் ஒட்டாமைக்கு இது இன்னும் நெருக்கம் என்று வாதிடலாம். பிடிக்காமல் போவதைவிட, 'அதுக்காக யார் எழுந்து போறது' என்ற நிலைதானே பெரும்பாலும் நாம் பார்ப்பது. ஆனால் உழைப்பு என்று வந்ததும் கை கால் மந்தம் மறுபடி உள்ளே நுழைந்துவிடுகிறது.

நீச்சல் சோதனைக்கு வருவோம். போர்சோல்ட் 1977இல் இதை மனச்சோர்வு மருந்துகளைச் சலித்தெடுக்க உருவாக்கினார். எலி எவ்வளவு நேரம் அசையாமல் மிதக்கிறது என்பதுதான் அளவு. மருந்துகளைச் சலிக்க அது நன்றாக உழைத்தது, மறுக்கவில்லை. ஆம்ஃபெட்டமைன் நிறுத்தியபின் அசையாமல் கிடக்கும் நேரம் கூடுவதையும் 2003இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் நம் கேள்விக்கு அது இரண்டு பக்கமும் பொய் சொல்லக்கூடியது. விலகல் நாட்களில் எலியின் பொது நடமாட்டமே குறைகிறது, ஆகவே மிதப்பதும் கூடும். அதை மனச்சோர்வு என்று எழுதிவிடலாம். மறுபக்கம், உடம்பைச் சுறுசுறுப்பாக்கும் எதைக் கொடுத்தாலும் மிதப்பது குறையும். அதைக் குணம் என்று எழுதிவிடலாம். ஆம்ஃபெட்டமைனே அந்தத் தொட்டியில் மனச்சோர்வு மருந்துபோலத் தெரியும்! ஊக்கியை விட்டவருக்கு ஊக்கியையே மருந்தென்று சான்றளிக்கும் சோதனையை ஊக்கி விலகலுக்குப் பயன்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. தவிர, மிதப்பது நம்பிக்கை இழந்த அடையாளமா, தப்பிக்க வழியில்லை என்று கற்றுக்கொண்டு சக்தியைச் சேமிக்கும் சாமர்த்தியமா என்ற வழக்கும் இன்னும் முடியவில்லை. துணைச் சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள். தனியாக வேண்டாம்.

நான்காவதாக ஒன்று உண்டு, பலருக்குத் தெரியாது. இரண்டு ஒத்த தூண்டல்களில் எது வந்தது என்று சொல்ல வேண்டும்; ஒன்றைச் சரியாகச் சொன்னால் அடிக்கடி பரிசு, மற்றதற்கு எப்போதாவது. இயல்பான மனம் பரிசு அதிகம் தரும் பக்கமாகத் தானாகச் சாயும். இன்பம் மங்கிய மனம் அவ்வளவு சாயாது. மனிதரிடம் கணினித் திரையில் செய்யும் இதை எலிக்கும் மாற்றியமைத்தார்கள். நிக்கோடினை நிறுத்தியபின் மனிதர், எலி இரண்டு தரப்பிலும் அந்தச் சாய்வு குறைந்ததை 2014இல் ஒரே கட்டுரையில் வெளியிட்டார்கள். இரண்டு இனத்துக்கும் ஒரே தேர்வு என்பது பெரிய விஷயம். பயிற்சி மட்டும் மாதக்கணக்கில் இழுக்கும். முதுமுனைவர் ஆய்வுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அளவுகோலை முடிவு செய்தபின் எந்த ஊக்கி, எந்த மருந்து என்பது வரும். இந்த வரிசையை மாற்றி, மருந்தை முதலில் எடுத்துக்கொண்டு அதற்கு வாகான சோதனையைத் தேடுவதுதான் நம் ஆய்வேடுகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு.

ஊக்கி பற்றி நீளமாகச் சொல்ல எதுவுமில்லை. இந்தியாவில் கொக்கெய்னும் ஆம்ஃபெட்டமைனும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வருபவை. அனுமதி, இருப்புப் பதிவேடு, பூட்டு, சாவி என்று நீளும். நிக்கோடினுக்கு அந்தத் தலைவலி இல்லை; விலகலின் அளவும் நாட்களும் தெளிவாகத் தெரிந்தவை; மனிதரிடம் வேலை செய்யும் மருந்துகளும் அதற்குத்தான் இருக்கின்றன. நிக்கோடினே போதும்.

மருந்துகளில்தான் கதை சுவையாகிறது. எலியிடம் வென்று மனிதரிடம் தோற்ற பட்டியல் நீளமானது. டெசிப்ரமைன் என்ற பழைய மனச்சோர்வு மருந்து, தொடர்ந்து கொடுத்தபோது, கொக்கெய்ன் நிறுத்திய எலிகளின் த்ரெஷோல்ட் ஏற்றத்தைத் தணித்தது. 1992இல் வந்த முடிவு. மனிதரிடமும் 1989இல் ஒரு சோதனை நம்பிக்கை தந்திருந்தது. பின்னால் நடந்த சோதனைகளில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. டோபமைன் என்ற நரம்புச் செய்திப் பொருளின் ஏற்பியை (நரம்பில் அது வந்து அமரும் இடத்தை) தூண்டும் புரோமோகிரிப்டின் அதே 1992இல் அதே எலி மாதிரியில் ஏற்றத்தை இறக்கியது. மூளையின் இன்ப மையத்தில் டோபமைன் விலகல் நாட்களில் குறைகிறது என்பது தெரிந்ததுதான், ஆகவே காரணமும் பொருந்திவந்தது. ஆனாலும் கொக்கெய்ன் சார்புக்கு டோபமைன் தூண்டிகளைக் கொடுத்த மனிதச் சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. ஃபுளூவாக்ஸெடின் இன்னொரு பாடம். செரட்டோனின் என்ற இன்னொரு செய்திப் பொருளைக் கூட்டும் மருந்து என்றாலும், செரட்டோனின் நரம்பிலேயே இருக்கும் ஒரு தடுப்பு ஏற்பி 'போதும், நிறுத்து' என்று பிரேக் போட்டுவிடும். அந்தப் பிரேக்கை அடைக்கும் இன்னொரு பொருளையும் சேர்த்துக் கொடுத்தபோது நிக்கோடின், ஆம்ஃபெட்டமைன் இரண்டின் விலகலிலும் ஏற்றம் இறங்கியதை 2001இல் ஹாரிசனும் மார்க்கூவும் காட்டினார்கள். அறிவியலாக அழகு. மருந்துக்கடையில் அந்த ஜோடி கிடையாது.

புப்ரோப்பியான் வேறு மாதிரி. மனச்சோர்வுக்கு இருந்த இந்த மருந்தை 1997இல் அமெரிக்காவில் புகைப்பழக்கத்தை விடுவதற்கும் அனுமதித்தார்கள். அது நிக்கோடின் விலகலில் த்ரெஷோல்ட் ஏற்றத்தை இறக்குவதை எலியில் காட்டியது 2003இல்! அதாவது எலி இந்த மருந்தைக் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே மனிதரிடம் வேலை செய்ததற்குப் பின்னால் வந்து ஒரு விளக்கம் கொடுத்தது. புகைப்பழக்கத்தை விட உதவும் இன்னொரு மருந்தான வரெனிக்ளின் 2006இல் அனுமதி பெற்றது. அதுவும் செடியிலிருந்து வரும் பழைய சைட்டிசினும் விலகலின் ஏற்றத்தைத் தணிப்பதை 2014இல் எலியில் காட்டினார்கள். இதைக் கேலியாகச் சொல்லவில்லை. மனிதரிடம் வேலை செய்யும் மருந்துகள் இந்த அளவுகோலில் சரியாகத் தெரிகின்றன என்பதே நிக்கோடின் மாதிரிக்கு ஒரு நற்சான்று. கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமைன் மாதிரிகளுக்கு அந்தச் சான்று கிடைக்க வழியில்லை. மனிதரிடம் உறுதியாக வேலை செய்யும் மருந்து ஒன்று இருந்தால்தானே ஒப்பிட முடியும். மெத்தாம்ஃபெட்டமைனுக்கு 2021இல் வந்த பெரிய சோதனையில் 403 பேரிடம் நால்ட்ரெக்சோன் ஊசியும் புப்ரோப்பியானும் சேர்ந்த சிகிச்சையைப் போலி மருந்தோடு ஒப்பிட்டார்கள். பலன் கண்டது 13.6 சதவீதம், போலி மருந்தில் 2.5 சதவீதம். வித்தியாசம் உண்மை, ஆனால் அளவு சிறியது. (இன்றுவரை ஊக்கிப் பழக்கத்துக்கு நன்றாகப் பலன் தருவது, சிறுநீர்ப் பரிசோதனையில் தேறினால் பரிசுச் சீட்டு கொடுக்கும் முறைதான். அதுவும் வெகுமதியே.)

புதுமை தேடுகிறவர்களின் கண் இப்போது மூளையே சுரக்கும் டைனார்ஃபின் என்ற பொருளின் பக்கம். ஊக்கிகளைத் தொடர்ந்து எடுத்தால் மூளை எதிர்வினையாக டைனார்ஃபினைக் கூட்டுகிறது. அது கப்பா ஏற்பியில் அமர்ந்து டோபமைனை அமுக்குகிறது. கப்பாவை அடைத்தால் கொக்கெய்ன் நிறுத்திய எலிகளின் சோர்வு குறைவதை 2012இல் காட்டினார்கள். கருத்து கவர்ச்சியானது. நடைமுறையில் நார்-பிஎன்ஐ என்ற பழைய அடைப்பானின் ஒரே ஊசி வாரக்கணக்கில் நிற்கும். ஒரே எலியில் மருந்தையும் போலி மருந்தையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்க்க முடியாது. மனிதருக்கென்று வந்த அட்டிகாப்ரன்ட்டை மனச்சோர்வில் சோதித்த பெரிய ஆய்வுகளை 2025இல் போதிய பலன் இல்லையென்று நிறுத்தினார்கள். மூன்றாண்டில் பட்டம் வாங்க வேண்டியவர் இதில் கால் வைக்க வேண்டாம் என்பேன்.

என் தேர்வு இதுதான். நிக்கோடின் பம்ப், சக்கரம் சுற்றும் த்ரெஷோல்ட், ஒப்பீட்டு மருந்தாகப் புப்ரோப்பியான், பக்கத்தில் நீங்கள் சோதிக்க விரும்பும் உங்கள் மூலக்கூறு. ஸ்டீரியோடாக்ஸிக் கருவி கிடைக்கவே கிடைக்காது என்றால் ஏறும் எண்ணிக்கைச் சர்க்கரைச் சோதனை, கூடவே நடமாட்டத்தைத் தனியாக அளப்பது. எம்.ஃபார்ம் அளவில் இதையே பரிந்துரைப்பேன், ஓராண்டில் முடியும்.

ஒரு குழுவை மட்டும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். உப்புநீர்ப் பம்ப் வைத்து, அதாவது விலகலே இல்லாத எலிக்கு, உங்கள் மருந்தைக் கொடுத்த குழு. புப்ரோப்பியான் நிக்கோடினைப் பார்த்தே இராத எலியிலும் த்ரெஷோல்டைக் கொஞ்சம் இறக்குகிறது. அப்படியென்றால் அது விலகலைச் சரிசெய்ததா, எல்லா எலிக்கும் சிறிது இன்பம் ஏற்றியதா? டெசிப்ரமைன் அப்படி இறக்கவில்லை. விலகலில் மட்டும் வேலை செய்தது. முன்னதற்குப் பழக்கமாகும் ஆபத்தையும் சோதிக்க வேண்டியிருக்கும், பின்னதற்கு அந்தக் கேள்வி குறைவு. இந்த ஒரு குழு இல்லாத ஆய்வேடு இரண்டில் எது நடந்தது என்று சொல்லவே முடியாது. ஆனாலும் எலிச் செலவை மிச்சப்படுத்த முதலில் வெட்டப்படுவது அதுதான்.

மெக்கமைலமைன் ஊசி போட்டு விலகலைச் சட்டென்று வரவழைக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். நேரம் மிச்சம்தான். ஆனால் அது நிக்கோடின் ஏற்பியை அடைத்து வேலை செய்வது. புப்ரோப்பியானும் அந்த ஏற்பியை ஓரளவு அடைக்கும். இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டால் பிரித்தெடுக்க முடியாது. பம்ப்பை எடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

இன்னும் மூன்று சில்லறை விஷயம். பழைய ஆய்வுகளில் பெரும்பாலும் ஆண் எலிகளே. பெண் எலிகளையும் பாதி சேருங்கள். அடிப்படை த்ரெஷோல்ட் பல நாள் தொடர்ந்து பத்து சதவீதத்துக்குள் நிற்கும்வரை பம்ப்பைத் தொடாதீர்கள், வழிகாட்டி எவ்வளவு அவசரப்படுத்தினாலும். அப்புறம், விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதும்போது எலிகளின் எண்ணிக்கையைச் சற்றுக் கூட்டியே கேளுங்கள். பாதி வழியில் சிமென்ட் தொப்பியைக் கழற்றிப் போட்டுவிடும் எலி ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கும்.